இன்னும் பிறக்காத பெரியவர்



2022 கடைசியில் எங்கள் திருவொற்றியூர் தெருப் பெரியவர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். எண்ணூர் தொழிற்சாலை ஒன்றில் 60 வயதில் ஓய்வு பெற்றவர். "தம்பி, கம்ப்யூட்டர் கணக்குப்படி நான் இன்னும் பொறக்கவே இல்லியாம். பணம் நிக்குது" என்றார். சிரித்தேன். மறுநாள் ஆபீஸில் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. அந்தப் புரோகிராமில் தேதியைப் படிக்கும் பகுதி நான் எழுதியது!

அவர் பிறந்த தேதி 14-07-62 என்று பதிவாகியிருந்தது. வருடத்தை இரண்டே இலக்கத்தில் கொடுத்தால், பைத்தான் மொழியோடு வரும் லைப்ரரி 69 முதல் 99 வரையுள்ளதை 1969–1999 என்றும், 00 முதல் 68 வரையுள்ளதை 2000–2068 என்றும் எடுத்துக்கொள்ளும். போசிக்ஸ் என்ற பொது விதி அது. ஆக, பெரியவர் 2062ல்தான் பிறப்பார்! சோதித்தபோது ஏன் தெரியவில்லை? எங்கள் சொந்தப் பிறந்த தேதிகளையே போட்டுப் பார்த்தோம். எல்லாருமே 69க்குப் பிறகு பிறந்தவர்கள்.

"வருங்காலத் தேதி வந்தா நூறைக் கழிச்சிடலாம்" என்றார் ஒரு நண்பர். 20 என்றால் 1920ஆ, 2020ஆ? ஒரே குடும்பப் பட்டியலில் கொள்ளுப்பாட்டியும் இருப்பார், பேத்தியும் இருப்பாள். ஊகிக்கவே வேண்டாம் என்று முடிவு செய்தோம். நான்கு இலக்க வருடம் இல்லாவிட்டால் எங்கள் புரோகிராம் இப்போது ஏற்காது. பழைய பதிவேட்டைப் பார்த்து நிரப்பச் சொல்லும்.

பெரியவருக்குப் பணம் வந்தது. தம்பி தங்கைகளே, உங்க வயசுக்காரங்களை மட்டும் வைத்துச் சோதிக்காதீங்க. அப்பா, பாட்டி பிறந்த தேதியையும் போட்டுப் பாருங்க.