கடற்காற்றில் நிற்கும் தூண்கள்

திருகோணமலை மாவட்டத்தின் வடகரையில், இல்மனைற் செறிந்த கனிம மணலுக்குப் பெயர்பெற்ற புல்மோட்டை போன்ற ஊர்களில், கடற்காற்றோடு வரும் உப்பிலுள்ள குளோரைட்டு கொங்கிறீற் தூணின் நுண்துளைகள் வழியே மெல்ல ஊடுருவி, உள்ளிருக்கும் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்கிறது. துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் கூடுதலான இடத்தை அடைப்பதால், கம்பியை மூடிய கொங்கிறீற் வெடித்து உதிர்கிறது.

இவ்வாறு நலிந்த தூணை இடிக்காமல் வலுவூட்டும் முறைகளுள் ஒன்று, காபன் அல்லது கண்ணாடி இழைத் துணியை எப்பொக்சி என்னும் பிசினில் தோய்த்துத் தூணைச் சுற்றி ஒட்டுவதாகும். சுமையால் அமுங்கும் கொங்கிறீற் பக்கவாட்டில் விரிய முயலும்போது, பீப்பாயை இறுக்கும் இரும்பு வளையம்போல அவ்வுறை அதைத் தடுப்பதால், தூண் கூடுதல் பாரம் தாங்குவதுடன், திடீரென நொறுங்காத தன்மையையும் பெறுகிறது. 1995இல் கோபே நகரைத் தாக்கிய நிலநடுக்கத்திற்குப் பின் ஜப்பானில் இம்முறை பெரிதும் பரவியது. வட்டத் தூணில் இதன் பயன் மிகுதி; சதுரத் தூணிலோ, கூர்மூலைகள் இழையை அறுத்துவிடாதபடி அவற்றை முதலில் மழுக்க வேண்டும், அப்போதும் பயன் குறைவே.

ஆயினும் துருவை உள்ளே விட்டு மேலே உறையிடுவது மிகப் பெரிய தவறாகும். உப்பேறிய கொங்கிறீற்றைக் கொத்தி நீக்கி, கம்பியைத் துலக்கி, பழுதுபார்ப்புச் சாந்தால் நிரப்பிய பின்னரே துணி ஏற வேண்டும். காபன் மின்சாரத்தைக் கடத்துவதால், அது கம்பியைத் தொட்டால் அரிப்பு விரைவுபடும். எப்பொக்சியும் தீயின் வெப்பத்தில் இளகிவிடும் என்பதால் தீக்காப்புப் பூச்சு தேவை. தூணில் நெடுக்கு வெடிப்பையோ துருக்கறையையோ காண்போர், பூசி மறைக்காமல், கட்டமைப்புப் பொறியியலாளர் ஒருவரிடம் உடனே காட்டுவார்களாக.