பின்னால் வருபவர் குரல் கொடுக்க வேண்டும்

(காட்டுவழி ஓட்டம், நடை, குதிரைச் சவாரி ஆகியவற்றுக்கான பொதுப் பாதைகள் குறித்து, குடியிருப்பாளர் கூட்டத்தில் மன்றத்தின் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தென்மேற்கு இலண்டனில் வாழும் நமக்கு விம்பிள்டன் பொதுவெளி அயல்வீட்டு முற்றம் போன்றது. ஞாயிறு காலைகளில் நம் பிள்ளைகள் அங்கே கூட்டமாக ஓடுகிறார்கள். அதே வேளையில் ஊரிலிருந்து வந்த அம்மம்மாவும் அப்பப்பாவும் பேரக்குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து அதே மரங்களுக்கிடையே நடக்கிறார்கள். அவர்களுக்கு அருகால் குதிரைகளும் செல்கின்றன. இம்மூவரும் ஒருவரையொருவர் அஞ்சாமல் கடந்து செல்வது எப்படி என்பதே இன்று நான் பேச வந்த பொருள். அதைச் சட்டத்திலிருந்து தொடங்குகிறேன். சட்டம் படித்தவனுக்கு அந்தப் பழக்கம் எளிதில் போவதில்லை.

இங்கிலாந்தின் நாட்டுப்புறப் பாதைகளில் பல தனியார் நிலத்தின் ஊடாகவே செல்கின்றன. நிலம் ஒருவருடையது, அதன் வழியே செல்லும் உரிமை பொதுமக்களுடையது. இவ்வுரிமை நான்கு வகைப்படும். மஞ்சள் அம்புக்குறி இட்ட பாதை நடைவழி. அதில் காலால் செல்வோருக்கு மட்டுமே உரிமை உண்டு. நீல அம்புக்குறி குதிரைவழியைக் காட்டும். அதில் நடப்போர், குதிரையில் செல்வோர், மிதிவண்டியில் செல்வோர் ஆகிய மூவரும் செல்லலாம். கத்தரிப்பூ நிற அம்பு உள்ள பாதையில் இவர்களுடன் குதிரை வண்டியும் செல்லலாம். சிவப்பு அம்பு எல்லா வாகனங்களுக்கும் திறந்த பாதையைக் குறிக்கும். எந்தப் பாதை எந்த வகையைச் சேர்ந்தது என்பதை 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வரையப்பட்ட அதிகாரபூர்வ வரைபடம் கூறும். அதைப் பார்வையிடும் உரிமை எவருக்கும் உண்டு. ஸ்காட்லாந்தில் சட்டம் வேறு என்பதை, விடுமுறைக்கு அங்கே செல்வோர் நினைவிற் கொள்க.

இந்த நான்கு வகைகளிலும் ஓடுபவர் எங்கே வருகிறார்? சட்டத்தில் அவருக்குத் தனிப் பெயர் இல்லை. நடப்பவரும் காலால் செல்பவரே. ஓடுபவரும் காலால் செல்பவரே. எனவே நடக்கத்தக்க பாதை எதிலும் ஓடலாம். 1968ஆம் ஆண்டு நாட்டுப்புறச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, மிதிவண்டியில் வருவோருக்குக் குதிரைவழியைத் திறந்துவிட்டது. ஆனால் அவர்கள் நடப்போருக்கும் குதிரையில் செல்வோருக்கும் வழிவிட வேண்டும் என்ற கடமையையும் சேர்த்தே விதித்தது. ஓடுபவர் மீது அத்தகைய கடமை எதையும் அப்பிரிவு சுமத்தவில்லை. மலைச் சரிவில் மிதிவண்டிக்கு ஈடான வேகத்தில் இறங்கி வரும் ஓட்டக்காரருக்கும், கைத்தடியுடன் நடக்கும் முதியவருக்கும் சட்டத்தின் பார்வையில் வேறுபாடு இல்லை. இந்த இடைவெளியை ஓடுபவரின் நற்பண்புதான் நிரப்ப வேண்டும். நெடுஞ்சாலை விதித்தொகுப்பில் 2022 ஜனவரி 29 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், அதிகத் தீங்கு விளைவிக்கக்கூடியவருக்கே அதிகப் பொறுப்பு என்ற நெறியை முன்வைக்கிறது. அது சாலைக்காக எழுதப்பட்டது. எனினும் காட்டுப் பாதைக்கும் அது பொருந்தும் என்பது என் கருத்து.

நம்மவருக்கு இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். குதிரை மீது உயரத்தில் அமர்ந்து ஒருவர் வந்தால், பாதையே அவருடையது என்று எண்ணிப் புதருக்குள் ஒதுங்கும் பழக்கம் நம் மூத்தோரிடம் உண்டு. அது தேவையற்றது. நீல அம்புப் பாதையில் உங்களுக்கும் அவருக்கும் ஒரே அளவு உரிமைதான். நீங்கள் வழிவிடுவது கனிவினால் இருக்கட்டும்; அச்சத்தினால் வேண்டாம். மஞ்சள் அம்புப் பாதையில் குதிரை வந்தால், நில உரிமையாளரின் இசைவு இருந்தாலன்றி அது அத்துமீறல். ஆயினும் அது பொதுவாக நில உரிமையாளருக்கும் சவாரி செய்பவருக்கும் இடையிலான உரிமையியல் விவகாரம். அங்கே நின்று வாதிடுவதால் பயனில்லை. அவரைக் கடக்கவிட்டுப் பின்னர் மன்றத்துக்குத் தெரிவியுங்கள்.

பாதையின் உரிமை எதற்கானது என்பதற்கு, குதிரையோடு தொடர்புள்ள பழைய வழக்கு ஒன்று உண்டு. 1900ஆம் ஆண்டில் தீர்ப்பளிக்கப்பட்ட ஹிக்மன் எதிர் மெய்சி வழக்கு அது. பந்தயக் குதிரைகள் பயிற்சி பெறும் நிலத்தைக் கடந்து செல்லும் பொதுவழியில், பந்தயச் செய்தி வெளியிடும் ஒருவர் ஏறத்தாழ 15 யார் தூரத்துக்குள்ளேயே ஒன்றரை மணி நேரம் முன்னும் பின்னும் நடந்து குதிரைகளின் ஓட்டத்தைக் குறிப்பெடுத்தார். பாதை கடந்து செல்வதற்கானது, வேவு பார்ப்பதற்கானது அன்று எனக் கூறி, நீதிமன்றம் அதை அத்துமீறல் எனத் தீர்த்தது. நியாயமான பயன்பாடு என்பதன் எல்லையை 1999ஆம் ஆண்டில் பிரபுக்கள் சபையின் தீர்ப்பொன்று விரிவாக்கியது. ஆயினும் பிறருடைய பயன்பாட்டைக் கெடுக்காமல் பாதையைப் பயன்படுத்துக என்ற அடிப்படை மாறவில்லை.

இனிக் குதிரையைப் பற்றிச் சொல்கிறேன். அதன் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் உள்ளன. ஆகவே ஏறக்குறைய எல்லாத் திசைகளையும் அது பார்க்கும்; ஆனால் வாலுக்கு நேர் பின்னால் உள்ளதைப் பாராது. வேட்டையாடப்படும் விலங்காக வாழ்ந்த இனம் அது. பின்னாலிருந்து மூச்சிரைக்க விரைந்து வரும் ஒன்று அதற்கு மனிதனாகத் தோன்றுவதில்லை. பாய்ந்தோடும், அல்லது பின்னங்கால்களால் உதைக்கும். அரை டன் எடையுள்ள விலங்கு பாய்ந்தால், மேலே இருப்பவர் விழுந்து முதுகெலும்பை முறித்துக்கொள்ளலாம். உதை உங்கள் மீதே விழலாம். இதைத் தடுக்க வல்லது மனிதக் குரல். குரலைக் கேட்டதும் குதிரை காதைத் திருப்பும். வருவது மனிதன் என அறியும்.

இங்கேதான் நமக்கு ஒரு தடை இருக்கிறது. புறப்பட்டுச் செல்பவரைப் பின்னாலிருந்து கூப்பிடலாகாது என்று நாம் வளர்க்கப்பட்டிருக்கிறோம். போகிற காரியம் கெட்டுவிடும் என்பார் பாட்டி. அந்நியரிடம் ஆங்கிலத்தில் உரக்கப் பேசும் கூச்சமும் அதனுடன் சேர்கிறது. விளைவாக, ஓசைப்படாமல் ஓரமாகக் கடந்துவிடுவதையே பணிவு என நம்மில் பலர் கருதுகிறார்கள். இந்நாட்டுப் பாதையில் அது பணிவன்று, ஆபத்து. ஆதலால் தொலைவிலேயே குரல் கொடுங்கள். "ஹலோ, ரன்னர் பிஹைண்ட் யூ" என்றால் போதும். பின்பு, "இஸ் இட் ஓகே டு பாஸ்?" என்று கேளுங்கள். இலக்கணம் பிழைத்தாலும் பாதகமில்லை. தமிழில் "வணக்கம்" என்றாலும் குதிரைக்கு அது மனிதக் குரலே.

குரல் கொடுத்தபின் ஓட்டத்தை நிறுத்தி நடையாக மாறுங்கள். சவாரி செய்பவர் சைகை காட்டும் வரை காத்திருங்கள். எந்தப் பக்கமாகக் கடப்பது என்பதை அவரே சொல்லட்டும். தம் குதிரையின் குணம் அவருக்கே தெரியும். இரண்டு மீட்டராவது விலகி, நடந்தே கடந்து, நன்கு தள்ளிச் சென்றபின் மீண்டும் ஓடுங்கள். வாகன ஓட்டிகளுக்கும் விதித்தொகுப்பு இதே இரண்டு மீட்டரையே கூறுகிறது. குழுவாக ஓடுபவர்கள் இரண்டாகப் பிரிந்து குதிரையின் இரு புறமும் செல்லலாகாது; எல்லோரும் ஒரே பக்கம் வரிசையாகச் செல்லுங்கள். எதிரே குதிரை வரும்போது மரத்தின் பின்னே மறைந்து நிற்பது நல்லெண்ணத்தில் செய்யப்படும் தவறு. மறைந்திருந்து வெளிப்படும் உருவத்துக்கே குதிரை மிகவும் மிரளும். திறந்த இடத்தில் நின்று பேசுங்கள். அருகில் குடையை விரிக்காதீர்கள். நெற்றி விளக்கை அதன் கண்ணில் படும்படி திருப்பாதீர்கள். குழந்தைகளின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். குதிரைக்கு எதையும் ஊட்ட விடாதீர்கள்.

நடப்போரைக் கடக்கும்போதும் முறை இதுவே. காது மங்கிய பெரியவருக்கு முதற் குரல் கேளாமற் போகலாம். அப்போது எரிச்சலடையாமல், வேகத்தைக் குறைத்து, இடம் கிடைக்கும் வரை பின்னே நடந்து வாருங்கள். ஓட்ட நேரத்தில் அரை நிமிடம் குறைந்தால் யாருக்கும் ஒன்றும் நேர்ந்துவிடாது. நடப்போருக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு: நால்வர் கைகோத்துப் பாதையை அடைத்துச் செல்லாதீர்கள். ஓடுவோர் இரு காதுகளையும் ஒலிக்கருவியால் அடைத்துக்கொள்ளாதீர்கள்.

அம்பு நிறங்கள் எல்லா இடத்துக்கும் பொருந்தா. விம்பிள்டன் பொதுவெளி 1871ஆம் ஆண்டின் தனிச் சட்டத்தால் காக்கப்படுவது. அதன் பாதுகாவலர் குழுவுக்குத் தனி விதிகள் உண்டு. குதிரைக்கென வகுத்த தடங்களும் அங்கே உள்ளன. காவலர்களே குதிரைமீது ரோந்து வருகிறார்கள். ஓட்டக்காரர்களும் அங்கே புதியவர்கள் அல்லர். 1868இல் தொடங்கிய தேம்ஸ் ஹேர் அண்ட் ஹவுண்ட்ஸ் என்ற நாட்டுப்புற ஓட்டக் கழகம் அந்த மண்ணில்தான் ஓடிவருகிறது. சற்றுத் தெற்கே எப்சம் டவுன்ஸ் வெளிக்கு 1984ஆம் ஆண்டின் சட்டம் உண்டு. காலை வேளையில் அங்கே பயிற்சி பெறும் பந்தயக் குதிரைகளுக்கே முன்னுரிமை. ஆதலால் பயிற்சித் தடத்தைக் கடக்குமுன் இருபுறமும் பார்த்து, குதிரை வருமாயின் நின்றுவிடுங்கள். பார்ன்ஹமிலிருந்து டோவர் வரை 153 மைல் செல்லும் நார்த் டவுன்ஸ் வே பாதையில், ஒரே நாளில் நடைவழியும் குதிரைவழியும் மாறி மாறி வரும். ஒவ்வொரு சந்தியிலும் அம்பின் நிறத்தைப் பாருங்கள்.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒருவர் குதிரையிலிருந்து விழக்கூடும். அப்போது ஓடும் குதிரையைத் துரத்தாதீர்கள். துரத்தினால் இன்னும் விரைந்து சாலைக்கே செல்லும். விழுந்தவரிடம் செல்லுங்கள். அவரை அசைக்காதீர்கள், தலைக்கவசத்தைக் கழற்றாதீர்கள். 999க்கு அழைத்து, அருகிலுள்ள வாயிற்கதவு, வாகனத் தரிப்பிடம் அல்லது வழிகாட்டிக் கம்பத்தின் பெயரைச் சொல்லுங்கள். குதிரை சாலையை நோக்கி ஓடியிருந்தால் அதையும் அதே அழைப்பில் தெரிவியுங்கள். ஆங்கிலம் வராதவர் "தமிழ்" என்று மொழியின் பெயரைச் சொல்லி, மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். பாதை அடைபட்டிருந்தாலோ, அம்புக்குறி காணாமற் போயிருந்தாலோ அந்தப் பகுதியின் நெடுஞ்சாலை அதிகாரசபைக்கு எழுதுங்கள். பொதுமக்களின் வழியுரிமையைக் காக்கும் கடமையை 1980ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டத்தின் 130ஆம் பிரிவு அதன் மீது விதித்துள்ளது. நம் மன்ற எல்லைக்குள் உள்ள பாதை பற்றித் தமிழில் எழுதினாலும், அம்மடல் மொழிபெயர்க்கப்பட்டு உரிய அலுவலரைச் சென்றடையும்.