லாரி வலப்பக்கம் ஒதுங்கினால் இடப்பக்கம் நுழையாதீர்கள்

(சாலைப் பாதுகாப்பு மாதத்தையொட்டி நமது கிளப் ஹவுஸில் நடந்த கூட்டத்தில், கண்டெய்னர் டிரெய்லர் ஓட்டி ஓய்வுபெற்ற சி பிளாக் குடியிருப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



செயலாளர் சார் பேசக் கூப்பிட்டபோது, "எனக்கு மைக் பிடித்துப் பழக்கமில்லை சார், ஸ்டியரிங் பிடித்துத்தான் பழக்கம்" என்றேன். "அதைப் பற்றியே பேசுங்கள்" என்று சொல்லிவிட்டார்.

போன மாதம் நம் கேட்டில் தண்ணீர் லாரி திரும்பும்போது பி பிளாக் தம்பியின் ஸ்கூட்டர் இடிபட்டது. கண்ணாடியும் ஹேண்டில்பாரும் போனதோடு சரி. தம்பிக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்று எல்லோரும் டிரைவரைத் திட்டினோம். பிறகு சிசிடிவி பதிவைப் பார்த்தேன். லாரி முதலில் வலப்பக்கம் ஒதுங்குகிறது. இடப்பக்கம் இடம் கிடைக்கிறது. தம்பி அதில் நுழைகிறார். லாரி இடப்பக்கம் ஒடிகிறது. 22 வருஷம் டிரெய்லர் ஓட்டியவன் நான். இந்தக் காட்சி எனக்குப் புதிதல்ல.

லாரி ஏன் அப்படி ஒதுங்குகிறது? வீட்டுக்குப் போய் ஒரு சோதனை செய்யுங்கள். பிள்ளைகளின் சைக்கிளில் இரண்டு சக்கரங்களையும் நனைத்து, பார்க்கிங் தரையில் மெதுவாக ஒரு வளைவு தள்ளிப் பாருங்கள். இரண்டு தடங்கள் விழும். பின்சக்கரத்தின் தடம் முன்சக்கரத்தின் தடத்தோடு சேராமல் வளைவின் உள்பக்கமாகப் போகும். சின்ன சைக்கிளுக்கே இப்படி என்றால் 40 அடி கண்டெய்னருக்கு? பெட்டி மட்டுமே 12 மீட்டருக்கு மேல். முன்னால் இழுக்கும் வண்டி தனி. தெருமுனையில் திரும்பும்போது அதன் பின்சக்கரங்கள், முன்சக்கரம் போன வழியைவிட 2 மீட்டருக்கும் மேல் உள்ளே வரும். அதாவது ஒரு ஸ்கூட்டர் நிற்கும் இடம் முழுவதும் போய்விடும்.

அதனால்தான் டிரைவர்கள் வலது எடுத்து இடது ஒடிப்பார்கள். அப்படி எடுக்காவிட்டால் பின்சக்கரம் நடைபாதையில் ஏறும், கம்பத்தைச் சாய்க்கும். இடப்பக்கம் திறக்கிற அந்த இடம் பின்சக்கரம் வருவதற்காக விட்ட இடம். பத்து வினாடியில் மூடிவிடும்.

டிரைவர் பார்க்க வேண்டாமா என்று கேட்பீர்கள். பார்க்கத்தான் வேண்டும். ஆனால் நம் ஊரில் டிரைவர் உட்காருவது வலப்பக்கம். கேபினோ உயரம். இடது கதவை ஒட்டி நிற்கும் ஸ்கூட்டர் அவர் கண்ணுக்கே வராது. கேபின் இடப்பக்கம் ஒடிந்துவிட்டால், இடது கண்ணாடியில் பெட்டியின் பக்கச்சுவர்தான் பெரிதாகத் தெரியும்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். நடந்து 15 வருஷம் இருக்கும். மணலி பக்கம், காலை நேரம். ஒரு கண்டெய்னர் யார்டுக்குள் இடது திரும்ப வேண்டும். இண்டிகேட்டர் போட்டேன், வலது எடுத்தேன், ஒடிக்க ஆரம்பித்தேன். கிளீனர் பையன் கதவைத் தட்டி, "நிறுத்துண்ணே, நிறுத்து!" என்று அலறினான். பிரேக்கை மிதித்தேன். இறங்கி ஓடிப்போய்ப் பார்த்தால், பெட்டிக்கும் காம்பவுண்டு சுவருக்கும் நடுவில் ஓர் அம்மாவும் யூனிஃபார்ம் போட்ட ஒரு பையனும். ஸ்கூட்டர் சாய்ந்து கிடக்கிறது. பையனின் சாப்பாட்டுக் கூடை டயருக்கு அடியில். அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. "இடம் இருந்துச்சேண்ணா" என்று மட்டும் சொன்னார்கள்.

இடம் இருந்தது உண்மைதான். அதைத் திறந்து வைத்தவனே நான்தான். அன்றைக்கு எனக்குக் கிளீனர் இருந்தான். இன்று பல வண்டிகளில் கிளீனரே கிடையாது. தட்டிச் சொல்ல ஆள் இல்லை. அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்.

சாலை விதிப்படி முந்துவது பொதுவாக வலப்பக்கமாகத்தான். முன்னால் போகிறவர் வலது திரும்ப சிக்னல் போட்டிருந்தால் இடப்பக்கமாகக் கடக்கலாம். லாரியின் மூக்கு வலப்பக்கம் போவதைப் பார்த்து, அது வலதுதான் திரும்புகிறது என்று நாமே முடிவு செய்துகொள்கிறோம். மூக்கை நம்பாதீர்கள், இண்டிகேட்டரைப் பாருங்கள். இண்டிகேட்டர் எரியவே இல்லையா? அப்போதும் பின்னால் நில்லுங்கள். பத்து வினாடிதான்.

நிற்கும்போது லாரியின் பக்கக் கண்ணாடியில் டிரைவர் முகம் தெரிகிறதா என்று பாருங்கள். உங்களுக்கு அவர் முகம் தெரியவில்லை என்றால், அவருக்கும் உங்களைத் தெரியாது.

தப்பித்தவறி உள்ளே மாட்டிக்கொண்டால் முறுக்கிக்கொண்டு முன்னால் பாயாதீர்கள். ஹாரன் அடியுங்கள். அப்படியும் லாரி நெருங்கினால் ஸ்கூட்டரைப் போட்டுவிட்டு இறங்கி ஒதுங்குங்கள். வண்டி போனால் வாங்கிக்கொள்ளலாம்.

நடந்து போகிறவர்களுக்கும் இது பொருந்தும். தெருமுனையின் ஓரத்தில் நிற்காமல் நாலு அடி தள்ளி நில்லுங்கள். பின்சக்கரம் நடைபாதையில் ஏறிவிடும். ஸ்கூல் வேனுக்குக் காத்திருக்கும் நம் பிள்ளைகள் நிற்பது சரியாக அந்த கேட் முனையில்தான். அவர்களை செக்யூரிட்டி அறைக்கு உள்பக்கம் நிறுத்துங்கள்.

சங்கத்துக்கு மூன்று வேண்டுகோள். ஒன்று, ஸ்கூல் வேன் வரும் நேரத்தில் தண்ணீர் லாரி வேண்டாம். அதற்கு முன்போ பின்போ வரச் சொல்லுங்கள். இரண்டு, லாரி திரும்பும்போது செக்யூரிட்டி ஒருவர் விசிலோடு இடப்பக்கம் நின்று இரு சக்கர வண்டிகளை நிறுத்த வேண்டும். அந்தக் கிளீனர் பையன் செய்த வேலைதான் இது. மூன்று, கேட்டுக்கு எதிரே கார் நிறுத்துவதை நாம் விட வேண்டும். அங்கே கார் நின்றால் லாரிக்கு வலது எடுக்க இடமில்லை. பின்சக்கரம் இன்னும் உள்ளேதான் வரும். என் மகனின் காரும் அங்கேதான் நிற்கும். நேற்றே எடுக்கச் சொல்லிவிட்டேன்.

கடைசியாக ஒன்று. இதை உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். நம் வீடுகளுக்கு வேலைக்கு வரும் அக்காக்கள், பால் போடும் பையன், டெலிவரி தம்பிகள் எல்லோரும் இதே கேட்டில்தான் நுழைகிறார்கள். அவர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.