இரு கம்பிகளில் ஓடும் எச்சரிக்கை



ஆஸ்திரேலியாவின் வடமுனை நகரம் டார்வின். தென்கரை நகரம் அடிலெய்டு. இடைப்பட்ட ஏறத்தாழ 3000 கிலோமீட்டரைக் கதிரொளியின் ஆற்றலால் கடக்கும் வண்டிப் பந்தயம் 1987இல் தொடங்கியது. பல நாட்டுப் பல்கலைக்கழக மாணவர்கள் தாமே உருவாக்கிய வண்டிகளோடு அதில் கலந்துகொள்கின்றனர்.

அவ்வண்டியில் சூரியத் தகடு, பேட்டரி, மோட்டார், பிரேக் ஆகிய ஒவ்வொன்றும் தன் நிலையை மற்றவற்றிற்கு உரைத்தல் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே கம்பி இழுத்தால் எடை கூடும். ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1986இல் வெளியிட்ட 'கேன்' முறை இதற்கு வழி காட்டிற்று. முறுக்கிய இரு கம்பிகளே அனைத்திற்கும் பொதுவழி. வெளியிலிருந்து வரும் மின் இரைச்சல் இரண்டையும் ஏறத்தாழ ஒரே அளவில் தாக்கும். கேட்கும் கருவியோ இரண்டின் வேறுபாட்டை மட்டுமே கொள்ளும். ஆதலின் செய்தி சிதைவதில்லை.

பலர் ஒருங்கே பேசினால் என் செய்வது? ஒவ்வொரு செய்திக்கும் ஓர் எண் உண்டு. சிறிய எண்ணுடையது தொடர்ந்து பேசும்; பெரிய எண்ணுடையது தானே அடங்கிக் காத்திருந்து, பின்னர் மீண்டும் முயலும். எனவே எண்களை வகுப்பதே வடிவமைப்பாளரின் முதற்கடமை. பேட்டரி சூடேறும் எச்சரிக்கைக்கு மிகச் சிறிய எண். தகட்டின் மின்வரவுக் கணக்கிற்குப் பெரிய எண்.

இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. 2019ஆம் ஆண்டுப் பந்தயத்தில் முன்னணியில் சென்ற நெதர்லாந்தின் டெல்ஃப்ட் மாணவர் வண்டி, அடிலெய்டை நெருங்கும் வேளையில் தீப்பற்றியது. ஓட்டியவர் காயமின்றித் தப்பினார். வண்டிக்குள் ஓர் உயிர் அமர்ந்திருக்கிறது என்பதை வடிவமைப்பாளர் மறத்தலாகாது.

வண்டியின் செய்திகள் வானொலி அலை வழியே பின்தொடரும் காருக்கும் செல்லும். மேகம் சூழ்ந்தால் வேகம் குறைக்கலாமா என அங்குள்ளோர் கணித்துரைப்பர். ஆனால் அலைத்தொடர்பு எந்நேரமும் அறுபடலாம். ஆதலால் ஆபத்து வந்தவிடத்துப் பேட்டரியைத் துண்டிக்கும் முடிவு வண்டிக்குள்ளேயே எடுக்கப்படல் வேண்டும்.

மற்றொன்றும் உண்டு. பேட்டரியின் கருவி செயலிழந்து வாய்மூடினால், கடைசியாக வந்த வெப்ப அளவையே திரை காட்டிக்கொண்டிருக்கக்கூடும். காண்போர்க்கு அனைத்தும் நலமே எனத் தோன்றும். குறித்த காலத்திற்குள் செய்தி வாராவிடின், அம்மௌனத்தையே ஆபத்தாகக் கொள்ளுமாறு அமைத்தல் அறிவுடைமை.

மாணவச் செல்வங்களே! கம்பியைத் தொடுமுன் தாளில் ஓர் அட்டவணை எழுதுங்கள்: யார் பேசுவது, எத்தனை நொடிக்கொரு முறை, யாருக்கு முதலிடம், பேச்சு நின்றால் செய்யத்தக்கது யாது? இந்நான்கிற்கும் விடை எழுதிய பின்னரே வண்டியில் ஒருவரை அமர்த்துங்கள்.