கைக்கடிகாரச் சேகரம்: விருப்பும் வரம்பும்



விழா நாளில் கைக்கடிகாரத்தைப் பற்றி ஒரு சொற்பொழிவா என்று சிலர் வியக்கலாம். பொன்னையும் வெள்ளியையும் போலக் கைக்கடிகாரமும் இன்று பல இல்லங்களில் ஒரு செல்வமாகப் பேசப்படுகிறது. பட்டம் பெற்ற மகனுக்கும், மணமேடை ஏறும் மருமகனுக்கும் விலையுயர்ந்த கடிகாரத்தைப் பரிசளிக்கும் வழக்கம் பரவியிருக்கிறது. ஒன்று இரண்டாகி, இரண்டு பத்தாகி, சேர்ப்பதே ஒரு பொழுதுபோக்காக வளர்கிறது. அப்பொழுதுபோக்கு அறிவை வளர்க்கும் பயிற்சியாக அமைவதும் உண்டு. குடும்பப் பணத்தை விழுங்கும் பள்ளமாக அமைவதும் உண்டு. எது எப்போது நிகழ்கிறது என்பதைத் தெளிவதே இவ்வுரையின் நோக்கம்.

முதலில் கடிகாரத்தின் உள்ளமைப்பைச் சிறிது நோக்கலாம். சாவி கொடுத்து ஓடும் கடிகாரத்தில் சுருண்ட வில் ஒன்று ஆற்றலைத் தேக்கி வைக்கிறது. அவ்வாற்றல் பற்சக்கரங்களின் வழியே சென்று, இருபுறமும் ஊசலாடும் சிறு சக்கரத்தை அடைகிறது. இடையே உள்ள நெம்பு, ஆற்றலை ஒரே மூச்சில் ஓடவிடாமல் சிறிது சிறிதாக அளந்து விடுகிறது. 'டிக் டிக்' என்னும் ஒலி அங்கேதான் பிறக்கிறது. இக்காலத்து நல்ல கடிகாரங்கள் பலவற்றில் அச்சக்கரம் மணிக்கு 28,800 முறை, அதாவது நொடிக்கு 8 முறை அசைகிறது. தானியங்கி வகையில், கை அசையும்போது சுழலும் ஓர் எடைத்தகடு வில்லைத் தானே முறுக்கிக்கொள்கிறது.

இவ்வளவு நுட்பம் இருந்தும், சுவிட்சர்லாந்தில் சிறந்த கடிகாரத்திற்கு வழங்கப்படும் துல்லியச் சான்று, நாளொன்றுக்கு 4 நொடி பின்தங்கலையும் 6 நொடி முந்தலையும் ஒப்புக்கொள்கிறது. தெருவோரக் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் குவார்ட்ஸ் கடிகாரமே பெரும்பாலும் இதைவிடச் சரியாக நேரம் காட்டும். அதன் உள்ளே நொடிக்கு 32,768 முறை அதிரும் படிகத் துண்டு இருக்கிறது. இலட்சக்கணக்கில் விலை கொடுப்பவர் வாங்குவது நேரத்தை அன்று என்பது இதனால் விளங்கும்.

இந்நிலை 1969-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள் தோன்றியது. அன்றுதான் ஜப்பானின் சீக்கோ நிறுவனம் உலகின் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு வைத்தது. விலை 4,50,000 யென். அக்காலத்தில் ஒரு சிறு மகிழுந்தின் விலைக்கு நிகர். ஆனால் சில ஆண்டுகளிலேயே குவார்ட்ஸ் மலிவாயிற்று. 1970-இல் ஏறத்தாழ 90,000 பேருக்கு வேலை அளித்த சுவிஸ் கடிகாரத் தொழில், 1980-களின் நடுவில் அதில் மூன்றில் ஒரு பங்கினர்க்கே வேலை அளிக்கும் நிலைக்கு இறங்கியது. தலைமுறை தலைமுறையாகக் கற்ற கைத்தொழில் கண்முன்னே அழிவது போலத் தோன்றிற்று. பிழைத்து எழுந்த நிறுவனங்கள் கைத்திறனையும் அழகையும் அருமையையும் விற்கத் தலைப்பட்டன. ஜெரால்டு ஜென்டா வரைந்து 1972-இல் வெளிவந்த 'ராயல் ஓக்' என்னும் கடிகாரம் வெறும் எஃகால் ஆனது. எனினும் பல பொற்கடிகாரங்களைவிட அதன் விலை மிகுதியாக இருந்தது. சேகரிப்போர் உலகம் இன்றுள்ள வடிவத்தைப் பெற்றது அதன் பின்னரே.

ஒரு கடிகாரத்தின் விலையை உலோகம் உறுதி செய்வதில்லை. அதன் வரலாறே பெரிதும் உறுதி செய்கிறது. திரைப்பட நடிகர் பால் நியூமனுக்கு அவருடைய மனைவி பரிசளித்த ரோலெக்ஸ் டேடோனா எஃகுக் கடிகாரம் இதற்குத் தக்க சான்று. கார்ப் பந்தயத்தில் ஈடுபட்ட கணவர் கவனமாக ஓட்ட வேண்டும் என்னும் வேண்டுகோள் அதன் பின்புறத்தில் பொறிக்கப்பட்டிருந்தது. பின்னாளில், மகளின் நண்பரான இளைஞரிடம் நியூமன் நேரம் கேட்டார். தம்மிடம் கடிகாரமே இல்லை என்றார் இளைஞர். நியூமன் அதனை அவரிடமே கொடுத்துவிட்டார். 2017-ஆம் ஆண்டு அக்டோபரில் நியூயார்க் நகர ஏலத்தில் அது ஒரு கோடியே 77 இலட்சம் டாலருக்கு மேல் விலைபோயிற்று. கொடுத்தவர் அதை நேரம் பார்க்கும் கருவியாகவே எண்ணிக் கொடுத்தார் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

சேகரிப்பின் ஒளியையும் இருளையும் ஒருங்கே காட்டும் வரலாறு, பாரிசு நகரக் கலைஞர் பிரெகே செய்த 160-ஆம் எண் கடிகாரத்தினுடையது. அது சட்டைப்பையில் வைக்கும் வகையைச் சேர்ந்தது. பிரான்சு நாட்டு அரசி மரீ அந்துவானெத்துக்காக 1783-இல் அதற்குப் பணி ஆணை தரப்பட்டது. அக்காலத்தில் அறியப்பட்ட எல்லா நுட்பங்களும் அதில் அமைய வேண்டும். இயன்ற இடமெல்லாம் பொன்னே பயன்பட வேண்டும் என்பது நிபந்தனை. பணி முடியுமுன் புரட்சி வந்தது. 1793-இல் அரசி கொல்லப்பட்டார். 1823-இல் பிரெகேயும் மறைந்தார். கடிகாரம் நிறைவுற்றது 1827-இல். கேட்டவரும் தொடங்கியவரும் அதைக் காணவில்லை.

அதனை 1917-இல் வாங்கியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த சர் டேவிட் லயனல் சாலமன்சு. பொறியியலில் தேர்ந்த அவர் பிரெகேயின் படைப்புகளைத் தேடித் தேடிச் சேர்த்தார்; ஒவ்வொன்றையும் ஆராய்ந்தார்; 1921-இல் பிரெகேயைப் பற்றி நூலும் எழுதினார். அவர் மறைந்த பின், சேகரத்தின் சிறந்த பகுதியைப் பெற்ற மகள் வேரா, ஜெருசலேம் நகரில் தாம் நிறுவிய இசுலாமியக் கலைக்கூடத்தில் அதை வைத்தார். 1974-இல் திறக்கப்பட்ட அக்கூடத்தில், ஒரு தனி மனிதரின் பேழைக்குள் இருந்தவற்றை யாவரும் காண முடிந்தது.

1983-ஆம் ஆண்டு ஏப்ரலில் ஒரு திருடன் இரவோடு இரவாகப் புகுந்து 106 பொருள்களைக் கவர்ந்து சென்றான். அரசியின் கடிகாரமும் அவற்றுள் ஒன்று. அதன் புகழே அவனுக்குத் தடையாயிற்று. அதை விற்கவும் முடியவில்லை. பிறர்க்குக் காட்டவும் முடியவில்லை. அவன் இறந்த பின்னரே செய்தி வெளிப்பட்டு, பெரும்பாலான பொருள்கள் மீட்கப்பட்டன. அரசியின் கடிகாரம் கூடத்திற்குத் திரும்பியது 2007-இல் உலகுக்குத் தெரிந்தது. ஒரே கடிகாரம் சாலமன்சிடம் இருந்தபோது நூலாகி அறிவு தந்தது. வேராவிடம் இருந்தபோது ஊர்ப்பொதுவாயிற்று. திருடனிடம் இருந்த இருபது ஆண்டுகளுக்கு மேலான காலத்தில் எவர்க்கும் பயன்படவில்லை. வங்கிப் பெட்டகத்துள் பூட்டி, அணியாமலும் காட்டாமலும் கிடக்கும் கடிகாரங்களின் நிலையும் ஏறத்தாழ அதுவே.

கடிகார விருப்பம் இந்தியாவிற்குப் புதிதன்று. சுவிஸ் நிறுவனமான ஃபாவ்ர் லூபா 1865-லேயே பம்பாயில் கடை விரித்தது. 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் துணையோடு பெங்களூரில் எச்.எம்.டி. கடிகாரத் தொழில் தொடங்கியது. சாவி கொடுக்கும் 'ஜனதா'வும் 'பைலட்'டும் தேர்வில் வென்ற பிள்ளைக்கும் ஓய்வுபெறும் ஆசிரியர்க்கும் கிடைத்த பெரும் பரிசுகள். பின்னர்த் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் டாடா குழுமமும் இணைந்து உருவாக்கிய டைட்டன் ஓசூரில் வேரூன்றியது. 2002-இல் மொத்தக் கனமே 3.5 மில்லிமீட்டர் உள்ள 'எட்ஜ்' கடிகாரத்தை வெளியிட்டது. சேகரிப்பில் ஆர்வமுள்ள இளைஞர், தாத்தாவின் மேசை அறையில் உறங்கும் எச்.எம்.டி.யைப் பழுதுபார்த்து அணிவதிலிருந்தே தொடங்கலாம். செலவு சிறிது, கற்கும் பாடம் பெரிது.

வாங்க முனைவோர் கருத வேண்டியவை சில உண்டு. முதலாவது, போலி. பழைய எச்.எம்.டி.க்கே முகப்பை மறுவண்ணம் பூசி, வெவ்வேறு கடிகாரங்களின் உறுப்புகளைக் கலந்து விற்போர் உள்ளனர்; இலட்சங்கள் பெறும் கடிகாரத்தில் ஏமாற்றுவோர் இன்னும் திறமையானவர்கள். வரிசை எண், வாங்கிய சீட்டு, பராமரிப்புக் குறிப்பு ஆகியவற்றை நோக்காமல் பணம் கொடுத்தல் ஆகாது. இரண்டாவது, பராமரிப்பு. எண்ணெய் உலர்ந்தால் சக்கரங்கள் தேயும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பிரித்துத் துடைக்கும் செலவையும் விலையோடு சேர்த்தே எண்ண வேண்டும். மூன்றாவது, முதலீடு என்னும் பேச்சு. பெயர்பெற்ற சில கடிகாரங்களின் வெளிச்சந்தை விலை 2022-இன் தொடக்கத்தில் உச்சம் தொட்டு, அவ்வாண்டிலேயே சரியத் தொடங்கிற்று. கடன் வாங்கி உச்சத்தில் வாங்கியவர்க்குக் கடிகாரமும் சுமையாயிற்று, கடனும் சுமையாயிற்று. நான்காவது, சட்டம். 10 இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட கைக்கடிகார விற்பனையில் 1 விழுக்காடு வரியை விற்பவரே வசூலிக்கும் முறை 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. சீட்டில்லாக் கொள்முதல் பிற்காலத்தில் மனக்கவலையையே தரும்.

இச்சமூகத்தார்க்குத் தனியே கூறத்தக்கது ஒன்றுண்டு. விலையுயர்ந்த கடிகாரங்கள் பலவற்றின் வார், முதலையின் தோலால் ஆனது. கடையில் கேட்காமல் வாங்கினால் அது தெரியாமலே கையில் ஏறிவிடும். எஃகுச் சங்கிலியோ, துணி அல்லது இரப்பர் வாரோ பெரும்பாலான வகைகளுக்குக் கிடைக்கின்றன. ஓர் உயிரின் துன்பத்தை விலக்க ஒரு வினாவும் ஒரு மாற்றமும் போதும்.

இல்லறத்தார்க்கு உரிய அணுவிரதங்களுள் மிகுபொருள் விரும்பாமையும் ஒன்று. இத்தனை போதும் என்று தாமே அளவு வரைந்துகொள்ளுதல் அதன் நடைமுறை. கடிகாரம் சேர்ப்போர்க்கு இது எளிதிற் பொருந்தும். எண்ணிக்கையை முன்னரே வரையறுத்து, புதியது ஒன்று வரும்போது பழையது ஒன்றைத் தகுதியுள்ள ஒருவர்க்கு அளித்தல். ஒவ்வொன்றின் வரலாற்றையும் ஓர் ஏட்டில் எழுதிவைத்தல். தமக்குப் பின் எது யார்க்கு என்பதை வீட்டாரிடம் தெளிவாகக் கூறுதல் ஆகிய மூன்றும் போதுமானவை. பிள்ளைகள் பாகப்பிரிவினையில் கடிகாரத்திற்காக முகம் திருப்பிக்கொள்ளும் நிலை அவ்வீட்டில் வாராது.

தந்தையின் கடிகாரத்திற்கு நாள்தோறும் காலையில் சாவி கொடுக்கும் மகன், அதைத் தந்தவரையும் நாள்தோறும் நினைக்கிறான். அத்தகைய ஒரு கடிகாரம் ஒவ்வோர் இல்லத்திலும் ஓடட்டும்.