வீட்டை விற்கும் முன் வாரிசுகளைக் கூட்டுங்கள்

(அறக்கட்டளையின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



கல்வி உதவி, மருத்துவ உதவிக் கணக்கெல்லாம் அறிக்கையில் இருக்கிறது, வீட்டில் போய்ப் படித்துக்கொள்ளலாம். இன்று வீடு வாங்குவது, விற்பது பற்றி மட்டும் பேச நினைக்கிறோம். வளைகுடாவில் உழைத்துச் சேர்த்த பணத்தை ஒரே நாளில் ஒரு பத்திரத்தின் மேல் வைக்கிறோம். அந்தப் பத்திரம் நிற்காவிட்டால் மறுபடி உழைக்க வயது இருக்காது. இப்படி நம்மிடம் பஞ்சாயத்துக்கு வருகிற குடும்பங்கள் கொஞ்சமல்ல.

நம்மவர்கள் வீடு விற்கும் வரிசையே தலைகீழாக இருக்கிறது. முதலில் தரகர் வருகிறார், விலை முடிகிறது, அட்வான்ஸ் கை மாறுகிறது. அதற்குப் பிறகுதான் மூலப் பத்திரம் எங்கே, பட்டா யார் பெயரில் என்று தேடுகிறோம். தேடினால் பட்டா இன்னும் பாட்டனார் பெயரில் இருக்கும். அவர் மவுத்தாகி நாற்பது வருடம் ஆகியிருக்கும். அதற்குள் அவர் மகள் ஒருத்தியும் மவுத்தாகியிருப்பார். அவர் பங்கு அவருடைய கணவருக்கும் பிள்ளைகளுக்கும் போய்விட்டது. அவர்கள் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்பதே தெரியாது. வாங்க வந்தவர் அட்வான்ஸைக் கேட்டு வாசலில் நிற்பார். விற்றவரோ அதை எடுத்துச் செலவழித்திருப்பார்.

ஆகவே விலை பேசும் முன் வாரிசுகளைக் கூட்டுங்கள் என்கிறோம். மய்யித் அடக்கமாகி இத்தா முடிந்ததுமே கூட்டினால் இன்னும் நல்லது. அப்போது நான்கு பேர் கையெழுத்தில் முடிவது, ஒரு தலைமுறை கழிந்தால் இருபது பேரைத் தேடி அலைய வைக்கும்.

சகோதரிகளின் கையெழுத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம், யாரும் கோபிக்க வேண்டாம். பத்திரப்பதிவு அன்று காலையில் தங்கையைக் காரில் அழைத்துவந்து, சார்பதிவாளர் முன் கையெழுத்து வாங்கி, மதியம் பிரியாணியும் ஒரு பட்டுச் சேலையும் கொடுத்து அனுப்புவது பல வீடுகளில் வழக்கமாகிவிட்டது. கையெழுத்து வேறு, பங்கு வேறு. ஒரு கணக்கைப் பாருங்கள். அத்தா மவுத்தாகிவிட்டார், அவருடைய பெற்றோர் இல்லை. மனைவி, ஒரு மகன், இரண்டு மகள்கள். கடனும் வஸிய்யத்தும் தீர்ந்தபின் (பாக்கி மஹரும் கடன்தான், அதை மறந்துவிடுகிறோம்) வீடு 32 லட்சத்துக்குப் போகிறது. உம்மாவுக்கு எட்டில் ஒன்று, 4 லட்சம். மீதி 28 லட்சத்தில் மகனுக்கு 14, மகள்களுக்கு ஆளுக்கு 7. சிறு பிள்ளையும் போடும் கணக்கு. ஆனால் பத்திரத்தில் 16 லட்சம் என்று எழுதி, மீதியை ரொக்கமாக வாங்கினால் என்ன ஆகிறது? தங்கைக்குப் பத்திரத்தைக் காட்டி மூன்றரை லட்சம் கொடுக்கிறார்கள். அரசாங்கத்தை ஏய்ப்பதாக நினைத்துக்கொண்டு கூடப்பிறந்தவளை ஏய்க்கிறோம். 'அவள் மனப்பூர்வமாக விட்டுக்கொடுத்தாள்' என்பார்கள். விட்டுக்கொடுக்கட்டும். தன் பங்கு எவ்வளவு என்று தெரிந்து, அது தன் கைக்கு வந்தபின் கொடுக்கட்டும்.

இன்னொன்று யதீம்களின் பங்கு. தகப்பனை இழந்த சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டைத் தாயோ, அண்ணனோ, சிறிய தகப்பனாரோ சேர்ந்து விற்றுவிடுகிறார்கள். நமது ஷரீஅத் சட்டப்படி சிறுவரின் சொத்துக்குத் தகப்பனும், தகப்பன்வழிப் பாட்டனாரும், அவர்கள் நியமித்துவிட்டுப் போனவர்களும்தான் காப்பாளர்கள். பெற்ற தாய்க்கே அந்த அதிகாரம் இல்லை என்று 1918-லேயே பிரிவி கவுன்சில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. மற்றவர்கள் விற்க வேண்டுமானால் 1890ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டப்படி மாவட்ட நீதிமன்றத்தில் காப்பாளராக நியமனம் பெற்று, விற்பதற்கும் முன் அனுமதி வாங்க வேண்டும். வாங்காமல் விற்றால் அந்தப் பிள்ளையின் பங்கு வாங்கியவருக்குப் போகாது. பிள்ளை வளர்ந்து வந்து கேட்டால் இரண்டு குடும்பங்கள் தெருவுக்கு வரும். தாலுகா அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ் வாங்கியாகிவிட்டதே என்று சிலர் கேட்கிறார்கள். அந்தச் சான்று யார் யார் வாரிசு என்று மட்டும் சொல்லும். விற்கும் அதிகாரத்தைத் தராது.

வாங்குகிற சகோதரர்களுக்கும் சொல்ல வேண்டும். வில்லங்கச் சான்றிதழில் ஒன்றும் இல்லை என்றதும் நிம்மதியாகிவிடுகிறீர்கள். பதிவான பத்திரம்தான் வில்லங்கத்தில் ஏறும். வாய்மொழியாகச் செய்த ஹிபா ஏறாது. கொடுத்தவர் சொல்லி, பெற்றவர் ஏற்று, அனுபவத்தையும் ஒப்படைத்திருந்தால் அந்த ஹிபா எழுத்தில்லாமலே செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2011-ல் உறுதி செய்திருக்கிறது. ஆகவே அந்த வீட்டில் யார் குடியிருக்கிறார்கள், எந்த உரிமையில் இருக்கிறார்கள் என்று நேரில் போய்க் கேளுங்கள். பக்கத்து வீட்டிலும் கேளுங்கள். கொடுக்கிறவர்களும் பத்திரமாக எழுதிப் பதிந்துவிடுவதே மேல். குடும்பத்தாருக்குள் எழுதும் தானப் பத்திரத்துக்கும், பாகப்பிரிவினைக்கும், விடுதலைப் பத்திரத்துக்கும் விற்பனைக்கு ஆகும் 7 சதவீதத் தீர்வை இல்லை. உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். செலவுக்குப் பயந்து தள்ளிப்போட வேண்டியதில்லை.

பவர் விஷயம் சுருக்கமாக. வெளிநாட்டில் இருப்பவர் அனுப்பும் பவர், கொடுத்தவர் மவுத்தானால் பொதுவாக அன்றோடு முடிந்தது. அவர் உயிரோடு இருக்கிறாரா என்று வீடியோவிலாவது பேசிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வெறும் பவரை வாங்கிக்கொண்டு வீட்டையே வாங்கிவிட்டதாக நினைப்பவர்களுக்கும், அது கிரயம் ஆகாது என்று 2011-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

கடனையே எழுதி, சாட்சி வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. குர்ஆனிலேயே நீளமான வசனம் அதைப் பற்றியதுதான் என்று மதரஸாப் பிள்ளைக்கும் தெரியும். நாமோ அட்வான்ஸை வெள்ளைத்தாளில் எழுதுகிறோம். விற்பனை ஒப்பந்தத்தைப் பதிய வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2012-ல் சட்டம் திருத்தப்பட்டிருக்கிறது. பணத்தை வங்கி மூலமே கொடுங்கள்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் முதல் சனிக்கிழமைகளில் அஸருக்குப் பின் நம் அலுவலகத்தில் ஒரு வழக்கறிஞரும் ஓர் ஆலிமும் இருப்பார்கள். ஒருவர் பத்திரத்தைப் பார்ப்பார், மற்றவர் பங்கைப் பிரித்து எழுதிக் கொடுப்பார். கட்டணம் இல்லை. பெண்கள் தனியாக வந்தும் தங்கள் பங்கைக் கேட்டுப்போகலாம், அண்ணன் தம்பி கூட வர வேண்டும் என்பதில்லை. நகல் மட்டும் கொண்டுவாருங்கள். அசல் பத்திரம் உங்கள் பெட்டியிலேயே இருக்கட்டும், எங்களிடமும் கொடுக்க வேண்டாம்.

வஸ்ஸலாம்.