பாசமும் பங்கும்



வியட்நாமியரின் குடும்ப தர்மத்தையும் ஐஸ்லாந்துக்காரரின் குடும்ப தர்மத்தையும் ஒப்பிட்டுப் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறீர்கள். பத்துக் கோடி ஜனங்கள் வாழும் நெல்வயல் தேசம் ஒன்று. நான்கு லட்சம் பேர்கூட இல்லாத பனித்தீவு மற்றொன்று. இவ்விரண்டையும் பற்றித் தாம்பரத்தில் பேசுவானேன் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஒரு வகையில் நாம் வியட்நாமியருக்கு உறவினர்; இன்னொரு வகையில், அறியாமலே, ஐஸ்லாந்துக்காரருக்கும் உறவினர்.

முதலில் வியட்நாமைப் பார்ப்போம். அங்கே பெரும்பாலான வீடுகளில், நம் பூஜை அறைபோலவே, முன்னோருக்கென்று ஒரு பீடம் இருக்கும். அதில் காலஞ்சென்ற தாத்தா பாட்டியின் படங்களும், ஊதுவத்திக் கிண்ணமும், பழங்களும் இருக்கும். அவர்கள் இறந்த திதியில் பந்துக்கள் அனைவரும் கூடிப் படையலிட்டு உண்பார்கள். டெட் என்னும் அவர்களுடைய புத்தாண்டு வந்துவிட்டால், நகரத்தில் பிழைக்கும் மக்கள் ரயிலிலும் பேருந்திலும் நெருக்கியடித்துக்கொண்டு சொந்த ஊருக்குப் புறப்படுவார்கள். பொங்கலுக்கு முந்தின நாள் நம் தாம்பரம் ரயில் நிலையத்து நடைமேடையையும் கிளாம்பாக்கத்துப் பேருந்து முனையத்தையும் கண்ட எவருக்கும் அந்தக் காட்சியை விவரித்துச் சொல்லவேண்டிய அவசியம் இல்லை. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் புதுச்சேரித் தமிழர் உத்தியோகத்துக்காகவும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் லேவாதேவிக்காகவும் சைகோன் சென்றபோது, இந்த ஒற்றுமை அவர்களுக்குத் துணை நின்றிருக்க வேண்டும். அந்நகரத்து மாரியம்மன் கோயிலில் இன்றும் வியட்நாமியப் பெண்கள் கைகூப்பி நிற்கிறார்கள்.

இனி ஐஸ்லாந்து. அங்கே பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் என்பதே கிடையாது. இன்னாருடைய மகன், இன்னாருடைய மகள் என்று தந்தையின் பெயரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொள்வதும், சிலர் தாயின் பெயரைச் சேர்த்துக்கொள்வதும், மணமான பின்னும் பெண் தன் பெயரை மாற்றாதிருப்பதும் அங்குள்ள வழக்கம். தந்தையின் பெயரைத் தலைப்பெழுத்தாக்கித் தன் பெயராலேயே வழங்கப்படும் தமிழராகிய நாம், உலகின் மறுகோடியில் இருக்கும் அந்தத் தீவினருக்கு இதில் எவ்வளவு அருகில் இருக்கிறோம்! ஆனால் அங்கே மூன்றில் இரண்டு பங்குக்கும் மேற்பட்ட குழந்தைகள் மணப்பதிவு செய்துகொள்ளாத பெற்றோருக்கே பிறக்கிறார்கள் என்றால் நம்மில் பலர் திகைப்பார்கள். திகைப்பதற்கு முன் ஒன்றைச் சிந்திக்க வேண்டும்: அக்குழந்தைகளை எவரும் இழிவாகப் பேசுவதில்லை. மணவிலக்குப் பெற்று, தனித்து நின்று ஒரு பெண்மகவைத் தத்தெடுத்து வளர்த்த விக்டிஸ் ஃபின்பொகாடோட்டிர் என்னும் மாதரசியை 1980ஆம் ஆண்டில் அம்மக்கள் தங்கள் குடியரசுத் தலைவராகவே தேர்ந்தெடுத்தார்கள்.

ஆகவே வியட்நாம் பக்திக்கும் ஐஸ்லாந்து சுதந்திரத்துக்கும் இருப்பிடம் என்று வகுத்துவிட்டு வீட்டுக்குப் போகலாமா? கூடாது. ஏனெனில், ஒரு குடும்பத்தின் தர்மம் மெய்யாகவே வெளிப்படுவது சொத்தைப் பிரிக்கும் நாளிலும் வேலையைப் பிரிக்கும் நாளிலுமேயாகும்.

சொத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தந்தைக்கும், கணவனுக்கும், பின்பு மகனுக்கும் அடங்கி நடப்பதே பெண்ணுக்கு அழகு என்று கன்பூசிய நெறி போதித்த வியட்நாமிலேயே, 15ஆம் நூற்றாண்டில் லே வம்சத்து அரசர்கள் காலத்தில் உருவான ஹோங் டுக் சட்டம், மகளுக்கும் வாரிசுரிமை தந்தது. மகன் இல்லாத வீட்டில் முன்னோர் வழிபாட்டுக்கென ஒதுக்கிய நிலத்தை மூத்த மகளிடமே ஒப்படைத்தது. சகோதரன் பங்கில் பாதியே சகோதரிக்கு என்றிருந்த ஐஸ்லாந்தில் 1850ஆம் ஆண்டில் இருவருக்கும் சமபங்கு சட்டமாயிற்று. நமது கதை என்ன? இங்கிருந்து மின்சார ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய செங்கற்பட்டில், 1929ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெண்களுக்கு ஆண்களோடு சமமான சொத்துரிமை வேண்டுமென்று தீர்மானித்தது. அது பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சமபங்காகத் தமிழ்நாட்டுச் சட்டத்தில் ஏற அறுபது ஆண்டுகள், அதாவது 1989 வரை, காத்திருக்க வேண்டியதாயிற்று. அதற்கு முன் மணமாகிப் போன பெண்களை அச்சட்டம் விலக்கி வைத்தது. 2005ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத் திருத்தம் அந்தக் குறையையும் நீக்கியது.

சட்டம் வந்துவிட்டது, மனம் வந்துவிட்டதா? ஏரிக்கரையும் வயலுமாக இருந்த நம் புறநகர் மனைகளுக்கு விலை ஏற ஏற, சார்பதிவாளர் அலுவலக வாசல்களில் ஒரு காட்சியைக் காண்கிறோம். எங்கோ வாழ்க்கைப்பட்ட தங்கை, அண்ணன் அழைத்தான் என்று விடியற்காலையில் பேருந்தேறி வருகிறாள். விடுதலைப் பத்திரத்தில் காட்டிய இடங்களிலெல்லாம் கையொப்பமிட்டு, பெருவிரல் ரேகையும் பதிக்கிறாள். ஒரு பட்டுப் புடவையும் மதியச் சாப்பாடும் பெற்றுக்கொண்டு, பிறந்த வீட்டு உறவு அறுந்துவிடாமல் இருந்தால் போதும் என்ற எண்ணத்தோடு மாலையில் திரும்புகிறாள். பாசத்தின் பெயரால் பங்கைப் பறிப்பதைப் போன்ற அதர்மம் வேறுண்டோ?

வேலையின் கதையும் இதுவே. வியட்நாமில் திதி நாள் விருந்தின் சுமை மூத்த மருமகள் தலையில்தான் விழுகிறது. நம் வீடுகளில் அமாவாசைப் படையலுக்கு வடையும் பாயசமும் வாழைக்காய்க் கறியும் செய்துவிட்டு, காக்கை எடுக்கும்வரை பட்டினியோடு அடுப்படியில் நிற்பவளும் மருமகள்தான். ஐஸ்லாந்துப் பெண்களோ, 1975ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் நாள், பத்தில் ஒன்பது பேர் வீட்டு வேலையையும் வெளிவேலையையும் ஒருங்கே நிறுத்தி, தங்கள் உழைப்பின்றி நாடே நடவாதென்று நிரூபித்தார்கள். 2000ஆம் ஆண்டில் அந்நாடு இயற்றிய சட்டம், மகப்பேற்று விடுப்பில் தாய்க்கு மூன்று மாதம், தந்தைக்கு மூன்று மாதம், இருவருக்கும் பொதுவாக மூன்று மாதம் என்று வகுத்தது; தந்தை தம் மூன்று மாதத்தை எடுக்காவிட்டால் அது கழிந்துபோகும், தாய்க்கு மாற்ற முடியாது என்றும் விதித்தது. தொட்டிலாட்டுவது தகப்பனுக்கும் கடமை என்பதை உபதேசமாக விட்டுவிடாமல் சட்டமாகவே ஆக்கிய விவேகம் அது.

பெற்றோரைப் பேணும் கடமையையும் பாருங்கள். கடல் கடந்து பிள்ளைகள் போய்விட, கைப்பேசித் திரையில் பேரன் முகம் பார்த்துக் காலம் கழிக்கும் முதியோர் நிறைந்த ஊர்கள் நம்முடையவை. பெற்றோரைப் பராமரிக்கும் கடமையை 2007ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் மகன் மீதும் மகள் மீதும் பேதமின்றியே சுமத்துகிறது. கடமையில் மகளைச் சேர்த்துக்கொண்டு உரிமையில் அவளை விலக்குவது எந்த நியாயம்?

அன்பர்களே, முன்னோரை நினைக்கும் சிரத்தையை வியட்நாமியர் நமக்குக் கற்றுத்தர வேண்டியதில்லை. அது நம் குருதியில் இருக்கிறது. பகிர்ந்து வாழும் துணிவைத்தான் நாம் கற்க வேண்டும். அந்த விதையையும் செங்கற்பட்டில் நம்மவர்களே ஊன்றிவிட்டுப் போனார்கள். எனவே இங்கிருந்து எழுந்து செல்லுமுன் ஆடவர்கள் ஒவ்வொருவரும் இரண்டு சங்கற்பங்கள் செய்துகொள்ளுங்கள்: அடுத்த படையலுக்கு அடுப்படியில் நானும் நிற்பேன்; என் குடும்பத்தின் பாகப்பிரிவினைப் பத்திரத்தில் என் சகோதரியின் பெயரும் சமபங்கோடு இருக்கும். இவ்விரண்டையும் செய்த பின், குடும்பப் பண்பில் எங்களுக்கு நிகர் யார் என்று உலகத்தைப் பார்த்துக் கேட்கும் தகுதி நமக்கு வரும்.